பூமியை அளந்த லாம்ப்டன்

குமரி முனையில் இருந்து இமயமலை வரை சென்ற மாபெரும் அளவையின் கதை

குமரி முதல் இமயம் வரை என்று சொல்லாத மேடைப் பேச்சு உண்டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வார்த்தை மனப்பாடம்.

ஆனால் குமரிக்கும் இமயத்துக்கும் இடையே எத்தனை மைல் என்று 1800-ம் ஆண்டில் யாராவது கேட்டிருந்தால், சரியாகப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அரசர்களுக்குத் தெரியாது. நாட்டைப் பிடித்து ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினிக்கும் தெரியாது. யாத்திரை போனவர்களுக்கு நாள் கணக்குத்தான் தெரியும்.

அந்தத் தூரத்தை அளக்கப் புறப்பட்டவர் வில்லியம் லாம்ப்டன். வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. அவர் அளந்த நீண்ட கோட்டின் தென்கோடி, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

காடு, மலை, காய்ச்சல் எல்லாவற்றையும் அவர் தாண்டினார். ஆனால் அந்த வேலைக்காகச் சர்க்காரிடம் பணம் வாங்குவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல!

ஏழை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே கிராஸ்பி கிரேஞ்ச் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் லாம்ப்டன் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரப் பையன். பெரிய இடத்துச் சிபாரிசு கிடையாது.

1781-ம் ஆண்டில் பட்டாளத்தில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். கடல் கடந்து அமெரிக்கா போனார். சண்டை முடிந்த பிறகு, இப்போது கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் என்ற இடத்தில், படை வீரர்களின் குடியிருப்பைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. குளிர் நாடு. பேச்சுத் துணைக்கு ஆள் குறைவு. ஏறத்தாழ 13 ஆண்டுகள் அங்கே கிடந்தார்.

மற்றவர்கள் சீட்டாடிப் பொழுதைக் கழித்தார்கள். லாம்ப்டன் கணித நூல்களையும் வான நூல்களையும் படித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கற்றார். ஒரு சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்ததில் அவருடைய ஒரு கண்ணின் பார்வையே மங்கிவிட்டது. அப்படியும் வானத்தைப் பார்ப்பதை அவர் விடவில்லை.

1790-களின் கடைசியில் அவருடைய படை இந்தியாவுக்கு வந்தது. அந்தப் படையின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று பெயர் வாங்கி, நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான்.

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ம் ஆண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு கும்பினிப் படை போரிட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் இரவு. ஜெனரல் பேர்டு என்ற தளபதி ஒரு படைப் பிரிவை நடத்திச் சென்றார். கும்மிருட்டு. வேலை முடிந்து, தெற்கே இருக்கும் சொந்த முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

கூடப் போன லாம்ப்டன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்கும் இடம் அவருக்கு வேறு கதை சொல்லிற்று. படை வடக்கே போய்க்கொண்டிருந்தது. வடக்கே இருந்தவர்கள் எதிரிகள்!

லாம்ப்டன் ஓடிப்போய்த் தளபதியிடம் சொன்னார். நட்சத்திரத்தைக் கேட்டு வழி நடக்கவேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்று தளபதி எரிந்து விழுந்தார். பிறகு ஒரு திசைகாட்டியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். லாம்ப்டன் சொன்னதே சரி. படை திரும்பியது. பல உயிர்கள் தப்பின.

அன்று முதல் இந்த மௌனியான மனிதர்மேல் வெல்லெஸ்லிக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

பல்லக்குத் தூக்கிக்குத் தெரியாதா?

அதே ஆண்டு மே மாதம் திப்பு வீழ்ந்தார். மைசூர்ச் சீமை கும்பினியின் கைக்கு அடங்கிற்று. பெரிய நாடு கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு பெரிய நாடு என்று தெரியவில்லை!

அப்போது லாம்ப்டன் சர்க்காருக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பினார். சோழமண்டலக் கரையில் இருந்து மேற்குக் கடல் வரை பிழையில்லாமல் அளக்கவேண்டும். அதைக்கொண்டு எல்லா ஊருக்கும் சரியான இடம் குறிக்கவேண்டும். அதோடு பூமியின் வடிவத்தையும் கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்று அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு தட்டை என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

வெல்லெஸ்லி சிபாரிசு செய்தார். சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் சம்மதம் கொடுத்தார். ஆர்க்காட்டுப் போரில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவின் மகன் இவர்.

ஆனால் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. இருக்கிற சர்வே போதாதா, புதிதாக ஒன்று எதற்கு என்று லண்டனிலேயே கேள்வி எழுந்தது. சென்னையில் நிதிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் பெரிய வேடிக்கை செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவர் தம் பல்லக்குத் தூக்கிகளிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், லாம்ப்டனின் படம் இல்லாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று அவர் வாதாடினாராம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். பல்லக்குத் தூக்கிக்கு வழி தெரியும். ஆனால் எங்கே பாலம் போடலாம், எங்கே வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் ஓடும், இரண்டு சீமைகளுக்கு எல்லை எது என்று அவருக்குத் தெரியுமா? அதற்குப் படம் வேண்டும். படத்துக்கு அளவு வேண்டும். அளவுக்குப் பணம் வேண்டும்.

லாம்ப்டன் கோபப்படவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதமாக விளக்கம் எழுதினார். வேலையையும் தொடங்கிவிட்டார்.

சீனா போய் வந்த சங்கிலி

அளப்பதற்கு நல்ல கருவிகள் வேண்டுமே? அவை வந்த கதை ஒரு தனிக் கதை.

1793-ம் ஆண்டில் இங்கிலாந்துத் தூதர் மெக்கார்ட்னி பிரபு சீனச் சக்கரவர்த்தியிடம் போனார். காணிக்கையாகக் கொண்டுபோன அபூர்வப் பொருள்களில் 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியும் இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது. சீனாவில் அதை யாரும் மதிக்கவில்லை. திரும்பி வந்த சங்கிலி கல்கத்தாவில் கிடந்தது. அது லாம்ப்டன் கைக்கு வந்தது.

இன்னொன்று தியோடலைட் என்ற கருவி. தூரத்தில் உள்ள பொருளைக் குழாய் வழியாகப் பார்த்து, கோணத்தை அளப்பது. இங்கிலாந்தில் செய்தது. எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்துக்கொண்டார்கள்! மொரிஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே பீரங்கி இல்லை. விஞ்ஞானக் கருவி இருந்தது. பகைவர் பொருளாக இருந்தும் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார் அந்தத் தீவின் பிரெஞ்சுக் கவர்னர்.

ஒரு பக்கம் தெரிந்தால் போதும்

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி. சென்னைப் பரங்கிமலை அருகே வேலை ஆரம்பம் ஆயிற்று.

முதலில் தரையில் ஒரு நேர்க்கோடு. நீளம் ஏழரை மைல். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் மரத் தொட்டிகளை முக்காலிகள்மேல் வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைப் படுக்க வைத்தார்கள். நிழல் கொடுத்தார்கள். பக்கத்தில் வெப்பமானி வைத்தார்கள். சூடு எவ்வளவு, நீட்சி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கணக்கு. இப்படி ஏறத்தாழ 400 தடவை எடுத்து எடுத்து வைத்தார்கள். முடிக்க 57 நாள் ஆயிற்று!

இந்த ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு?

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு மூலைகளின் கோணமும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நடந்துபோய் அளக்க வேண்டாம்.

ஒரு பெரிய குளத்தின் அக்கரையில் ஒரு பனை மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் 100 அடி தூரத்தில் இரண்டு கம்பு நடவேண்டும். இரண்டு கம்பில் இருந்தும் பனையைப் பார்த்துக் கோணம் எடுக்கவேண்டும். குளத்தில் இறங்காமலே மரம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

லாம்ப்டன் செய்தது இதைத்தான். குளத்துக்குப் பதில் நாடு. பனைக்குப் பதில் மலை உச்சி. ஒரு முக்கோணத்தின் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து இன்னொன்று. இப்படி நாடு முழுவதும் வலை பின்னினார். முதல் கோடு பிசகினால் வலை முழுவதும் பிசகிவிடும். 57 நாள் பாடுபட்டது இதற்காகத்தான்.

1804-ம் ஆண்டில் பெங்களூரில் மறுபடியும் ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து சோதித்தார். சென்னையில் இருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும், சங்கிலி காட்டிய நீளத்துக்கும் நாலு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை!

40 மைல் எங்கே போயிற்று?

கிழக்கே சென்னையில் இருந்து மேற்கே மங்களூர் வரை முக்கோண வலை போய்ச் சேர்ந்தது. முடிவைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

அதுவரை இருந்த படங்களில் இந்த அகலம் 400 மைல் என்று இருந்தது. உண்மையில் 360 மைல்தான்! 40 மைல் நிலம் படத்தில் மட்டும் இருந்தது. மண்ணில் இல்லை.

பல்லக்குத் தூக்கியே போதும் என்றவர்களின் வாய் அடங்கியது. அளவைக்குப் பணம் தொடர்ந்து வந்தது.

தஞ்சையில் நேர்ந்த விபத்து

பிறகு லாம்ப்டன் வடக்கு தெற்காக ஒரு பெருங்கோடு பிடித்தார். தெற்கே குமரி முனையை நோக்கி இறங்கினார்.

1808-ம் ஆண்டில் தஞ்சைச் சீமைக்கு வந்தார். காவிரி பாயும் பூமி. எங்கும் வயல், எங்கும் தென்னை. ஏறி நிற்க ஒரு குன்றுகூடக் கிடையாது. கோயில் கோபுரங்களே மலைகளாயின.

தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். நடுவழியில் கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் மோதியது. வட்டமான அளவுத் தகடு நெளிந்துபோயிற்று.

வேறொருவராக இருந்தால் வேலையை மூட்டை கட்டியிருப்பார். புதுக் கருவி இங்கிலாந்தில் இருந்து வர நெடுங்காலம் ஆகும். லாம்ப்டன் உடைந்த கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். கூடாரத்துக்குள் புகுந்து கதவடைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டார். ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றைக்கொண்டு நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்தார். ஆறு வாரத்தில் அது பழைய உருவத்துக்கு வந்தது. அதே கருவிதான் அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

குமரி முனையில்

1809-ம் ஆண்டு நாஞ்சில் நாட்டுக்குச் சோதனையான ஆண்டு. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், கும்பினியை எதிர்த்து ஆயுதம் எடுத்திருந்தார். பிப்ரவரி மாதம் ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைக் கும்பினிப் படை உடைத்து உள்ளே புகுந்தது. மார்ச் மாதம் வேலுத்தம்பி உயிர் நீத்தார்.

அதே ஆண்டில்தான் மலைக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் லாம்ப்டன் தம் சங்கிலியைத் தரையில் போட்டு இன்னொரு கோடு அளந்தார். நாட்டைப் பிடித்தது துப்பாக்கி. பிடித்த நாட்டைப் படமாக்கியது சங்கிலி. இரண்டும் ஒரே கும்பினியின் கையில் இருந்தன. வரி வசூலுக்கும் படை நடத்தவும் படம் வேண்டும் என்பதற்காகத்தான் கும்பினி பணம் கொடுத்தது. இதை மறைக்கவேண்டியது இல்லை.

குமரி முனைக்குச் சற்று வடக்கே, புன்னை என்று சர்வே ஏடுகளில் பதிவான இடத்தில் பெருங்கோட்டின் தென்கோடி அமைந்தது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியைத் தாண்டிச் சில மைல் தூரம். அங்கே இரவில் நட்சத்திரங்களின் உயரத்தைப் பார்த்து இடத்தைக் குறித்தார்கள்.

அக்காலத்தில் நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு நிலத்தின் அளவு என்பது விதைப்பாடு. எத்தனை மரக்கால் விதை விதைக்கலாம் என்பதே கணக்கு. வயலுக்கு அது போதும். சமஸ்தானத்துக்குப் போதாது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி இரண்டையும் ஊர் ஊராக அளந்து, படமும் விவரங்களும் எழுதி வைத்தார்கள். நாஞ்சில் நாட்டின் குளங்களும் ஊர்களும் சரியான இடத்தில் படத்தில் ஏறிய காலம் அது.

பெயர் இல்லாத உழைப்பாளிகள்

லாம்ப்டன் தனி ஆளாக இதைச் செய்யவில்லை. கருவியைச் சுமந்தவர்கள், மலையில் வழி வெட்டியவர்கள், உச்சியில் கொடி பிடித்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் கூடவே நடந்தது. பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மலை உச்சியில் ஏறிக் குழாய் வைத்துப் பார்த்தால் ஊரார் சும்மா இருப்பார்களா? வீட்டுக்குள்ளே பார்க்கிறார்கள் என்று சில இடங்களில் சந்தேகம் கிளம்பியது. காட்டில் புலி. ஆற்றோரத்தில் விஷக் காய்ச்சல். கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு இடைப்பட்ட காட்டில் காய்ச்சல் கண்டு பலர் இறந்தார்கள்.

உதவியாளர்கள் பலர் சென்னை சர்வே பள்ளியில் படித்த இளைஞர்கள். 1794-ம் ஆண்டில் எட்டு மாணவர்களோடு சர்க்கார் தொடங்கிய பள்ளி அது. அதுதான் வளர்ந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. அளவைக்காகக் கொடுத்த சிறு தொகை ஒரு பெரிய கல்லூரிக்கே விதையாகிவிட்டது!

கடைசிப் பயணம்

ஆண்டுகள் ஓடின. பெருங்கோடு வடக்கே ஏறிற்று. 1815-ம் ஆண்டுக்குள் புன்னையில் இருந்து பீதர் பக்கம் வரை, ஏறத்தாழ 10 டிகிரி அளந்தாயிற்று. அதுவரை பூமியில் இவ்வளவு தெற்கே இவ்வளவு நீளமான கோட்டை யாரும் அளந்ததில்லை.

அறிஞர் உலகம் தலை வணங்கியது. 1817-ம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பகை நாடாக இருந்த பிரான்சின் விஞ்ஞானக் கழகமும் கௌரவித்தது. 1818-ம் ஆண்டில் அளவை வேலை சென்னைச் சர்க்காரிடம் இருந்து கல்கத்தா சர்க்காரின் பொறுப்புக்கு மாறியது. இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று அதற்குப் பெயர் வந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

லாம்ப்டனுக்கு வயதாகிவிட்டது. பேச்சு குறைந்தது. உடம்பு தளர்ந்தது. ஆனால் தியோடலைட் முன்னால் வந்து நின்றால் வாலிபர்போல் ஆகிவிடுவார். ஓய்வு எடுக்கவோ தாய்நாடு திரும்பவோ அவர் நினைக்கவில்லை.

1823-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஹைதராபாத்தில் இருந்து நாகபுரிக்கு முகாமை மாற்றிக்கொண்டு போனார். வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் கூடாரம் அடித்தார்கள். 20-ந்தேதி, அந்தக் கூடாரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது.

மலைக்கு வந்த பெயர்

விட்ட இடத்தில் இருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். 1841-ம் ஆண்டில் கோடு இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. குமரியில் இருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்!

அந்த அளவையைக் கொண்டுதான் இமயத்தின் உயரங்களைக் கணக்கிட்டார்கள். 1852-ம் ஆண்டில் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணித மேதை, உலகிலேயே உயர்ந்த சிகரம் எது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதன் உயரம் 29,002 அடி என்று வெளியிட்டார்கள். இன்று ஒப்புக்கொண்ட உயரத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ 30 அடிதான் வித்தியாசம்.

அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் போட்ட சிக்தர் பெயர் வைக்கவில்லை. கோட்டைத் தொடங்கிய லாம்ப்டன் பெயரும் வைக்கவில்லை.

செலவும் வரவும்

இத்தனைக்கும் சர்க்கார் செலவழித்தது எவ்வளவு?

லாம்ப்டன் காலத்தில் வலை பின்னிய பரப்பு ஏறத்தாழ 1,65,000 சதுர மைல். செலவு ஏறத்தாழ 83,500 பவுன். சதுர மைலுக்கு அரைப் பவுன்தான் ஆயிற்று!

அளவைக்குக் கொடுக்கும் பணம் அணைக்கட்டுபோலவோ ஆஸ்பத்திரிபோலவோ கண்ணுக்குத் தெரியாது. ஓர் எண்ணும் ஒரு கோடும்தான் மிச்சம். ஆனால் அணை கட்டவும், ரயில் பாதை போடவும், ஊர் எல்லை பிரிக்கவும் அந்த எண்ணும் கோடும் வேண்டும். லாம்ப்டன் சண்டை போட்டு வாங்கிய பணம் நூறாண்டுக்கு மேல் பலன் கொடுத்தது.

கன்னியாகுமரி மாவட்டம் 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று அங்கே சர்வேயர் வந்தால் தோளில் சங்கிலி இல்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் இடம் சொல்கிறது. மக்கள் குடியிருக்கும் கிராமப் பகுதிகளை டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்க மத்திய அரசு 2020-ம் ஆண்டில் ஒரு திட்டமே தொடங்கியது. பட்டாவையும் புலப்படத்தையும் கைப்பேசியில் பார்க்க முடிகிறது.

கருவி மாறிவிட்டது. வேலை மாறவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்தாலும், அடுத்த வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டாலும், கடைசியில் பஞ்சாயத்து சொல்லவேண்டியது சரியான அளவுதான். அந்த அளவு சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக வெயிலில் 57 நாள் நின்றவர் லாம்ப்டன்.